அத்தையின் தொண்டையும் மாமாவின் பேட்டரியும்

என் அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் பக்கம் இருப்பதுபோல அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அந்த பிரேக்கைவிட அவள் குரலுக்குத்தான் வண்டி சீக்கிரம் நிற்கும். ‘கிளட்ச்’ என்று ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வண்டிக்காரனும் சேர்ந்து மிதிப்பான். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டுகிற எத்தனையோ பேருக்கு அந்தக் குரல்தான் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவளிடம் கற்றும் தேறாத ஒரே ஆள் அவள் புருஷன், என் மாமா. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. நடந்தே பழகிய மனுஷன். ரிவர்ஸ் கியர் விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

இப்பேர்ப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு அத்தை ஒரு வரி பாட மாட்டாள். யாருக்காவது பிறந்தநாள் என்று எல்லோரும் கை தட்டிப் பாட ஆரம்பித்தால், கேக் வெட்டுகிற கத்தியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கத்தி கேக்குக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும்.

இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ராக் குழுவின் பாடகி. நம்பித்தான் ஆகவேண்டும். அத்தை பாட்டு, மாமா பேஸ் கிடார், மெத்தைக் கடைக்காரர் டிரம்ஸ், மருந்துக் கடைக்காரர் கிடார். சொந்தப் பாட்டெல்லாம் கிடையாது. ரேடியோவில் வரும் வெளிநாட்டுப் பாட்டுகளைப் பிடித்து, இருமல் வந்தால் இருமல் உட்பட அப்படியே வாசிப்பதுதான் கொள்கை. ஒத்திகை மெத்தைக் கடை குடோனில். சுற்றிலும் அடுக்கிய மெத்தைகள் சத்தத்தைத் தின்றுவிடும், அக்கம்பக்கத்தார் பிழைத்துக்கொள்வார்கள்.

அவர்களுக்கு ஒரு பாட்டின்மேல் உயிர். அதில் நடுவே ஒரு வரி மேலே மேலே ஏறும். அத்தைக்கு அது எட்டவே இல்லை. ஒருநாள் ஒத்திகையில் தொண்டை கட்டி, குரலே நின்றுபோய், அதோடு குழுவை விட்டு வந்துவிட்டாள். பாட்டை விட்டவள் பேஸ் கிடார்காரரை மட்டும் விடவில்லை.

போன மாதம் மெத்தைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். வரவேற்பில் பழைய ஆட்கள் நாலு பேரும் அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை வாசிக்கவேண்டும் என்பது மகளின் ஆசையாம். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அத்தையும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

“வேற ஆளப் பாருங்கண்ணே. எனக்கு அந்தக் குரல் இல்ல. இருந்திருந்தா அன்னைக்கே வந்திருக்கும்.”

போகும்போது அவர் ஒரு கேசட்டை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடைசி ஒத்திகையை அவருடைய டேப் ரிக்கார்டர் பதிவு செய்திருந்தது. கேட்டால் அத்தைக்கு ஆசை வரும் என்று நினைத்திருக்கிறார், பாவம். அத்தை அதை ஃபிரிட்ஜுக்கு மேலே, கண்ணில் படாத தூரத்துக்குத் தள்ளிவைத்தாள். தள்ளிவைத்த பொருளை எடுத்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் திட்டம் எளிமையானது. அத்தையின் குரல் கிழிகிற இடத்தை மட்டும் வெட்டி மாமாவின் ஃபோனில் ரிங்டோனாகப் போடுவது. மீட்டர் பார்க்க அவர் ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழையும் நேரம் நான் ஃபோன் செய்வேன். மிச்சத்தை அந்த வீட்டு நாய் பார்த்துக்கொள்ளும்.

பழைய டேப் ரிக்கார்டரைத் தூசி தட்டிப் போட்டேன். நாற்காலி இழுபடுகிற சத்தம், சிரிப்பு, யாரோ டீ எங்கே என்று கேட்பது, குச்சியைத் தட்டி எண்ணுவது, அப்புறம் பாட்டு. அந்த வரி வந்ததும் குரல் ஏறி, நடுங்கி, கிழிந்தது. நான் சிரித்தேன். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி கிழிந்தது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளேதான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். மாமா ஆட்டுக்குட்டிக் குரலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கடைசித் தடவை குரலே வரவில்லை, காற்று மட்டும் வந்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதற்குப் பிறகு யாரும் பேசாமல் டேப் மட்டும் சுற்றுகிறது. அந்த இடத்தில் ரிங்டோனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அப்படி என்ன பொல்லாத உயரம் என்று ஃபோனில் அசல் பாட்டைத் தேடிப் போட்டேன். அசல், சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தவன் பாடுவதுபோல இருந்தது. மெதுவாக, தணிவாக. அந்த வரியை நானே பாடலாம், நான் பாடினால் பால் திரியும். டேப்தான் வேகமாக ஓடுகிறதோ என்று பார்த்தால் அதில் பேச்செல்லாம் சரியாக இருக்கிறது. மாமா அன்றும் ஆட்டுக்குட்டி, இன்றும் ஆட்டுக்குட்டி. பாட்டு மட்டும்தான் வாலில் தீப்பிடித்ததுபோல ஓடுகிறது.

மாமா முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றார். இந்தப் பாட்டை எதைக் கேட்டுப் பழகினீர்கள் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். ரேடியோவில் வந்தபோது, கூடவே டேப்பும் இருக்கிற தன் செட்டில் அவர்தான் பதிவு செய்தாராம். அன்று கரண்ட் இல்லையாம். இருந்தாலும் அவர் அசரவில்லை, தீர்ந்துபோன பேட்டரிகளை மொட்டைமாடியில் காயவைத்து உயிர் கொடுத்து வைத்திருந்தாராம்.

“வெயில்ல வச்சா இன்னொரு வாரம் ஓடும் மருமகனே. உங்களுக்கெல்லாம் எங்க தெரியும்.”

சவரக் கத்தி கன்னத்திலேயே நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேட்டரி தளர்ந்தால் ரேடியோ பாடும், ஆனால் டேப் சோம்பிச் சுற்றும். சோம்பிச் சுற்றிப் பதிந்ததைக் குடோனில் கரண்டில் போட்டுக் கேட்டால் பாட்டு ஓட்டம் பிடிக்கும், குரலும் உயரும். அதை அசல் என்று நம்பி, அதன் சுருதிக்குக் கிடாரை முறுக்கி முறுக்கி மருந்துக் கடைக்காரர் தந்தி தந்தியாக அறுத்திருக்கிறார். கம்பி மட்டம் என்று கடையை மாற்றினாராம். அத்தையின் தொண்டையை மாற்ற மட்டும் கடை இல்லை.

“நீயே சொல்லிடேன்” என்றார் என்னிடம். நான் செய்யாத குறும்புக்கு நான் ஏன் அடி வாங்கவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குடோனில் வாத்தியம் மட்டும் வாசித்துப் பார்ப்பதாக இருந்தார்கள். மாமாவையும் கிடாரையும் இறக்கிவிட அத்தை காரை எடுத்தாள். போகிற வழி காலியாக இருந்ததால் மாமாவையே ஓட்டச் சொல்லி, அவள் தன் பிரேக் இருக்கிற பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் நானும் கிடாரும். மாமா இரண்டாவது கியரில், சாலையைப் பார்த்தபடியே, எல்லாவற்றையும் சொன்னார்.

வண்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை. பின்னால் வந்து சேர்ந்த ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

“அப்ப என் தொண்டைக்கு ஒண்ணுமில்ல.”

“இல்லம்மா.”

“ஊரு மீட்டரெல்லாம் சரியா ஓடுதான்னு பாக்குற மனுஷன். வீட்டுல ஒருத்தி இத்தன வருஷமா பாட வாயே தொறக்கல. அத மட்டும் பாக்கல.”

மாமா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கையை எடுக்காதீங்க என்று அதட்டினாள் அத்தை. குடோன் வந்ததும் அவளும் இறங்கினாள்.

உள்ளே வந்தவள், நான் ஃபோனில் போட்ட அசல் பாட்டை ஒரு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள். பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தாள். மெத்தைக் கடைக்காரர் குச்சியைத் தட்டினார். கைகளுக்குப் பழைய வேகம்தான் தெரியும். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. அத்தை நிறுத்தினாள்.

“அண்ணே, முன்னாடி வண்டி எதுவும் இல்ல. யார முந்துறீங்க?”

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி ஓடினார்கள். அவள் திட்டவில்லை. டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குக் காட்டுவதுபோல, உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக மூவரும் தணிந்தார்கள். மருந்துக் கடைக்காரரின் தந்தி அறுந்துபோகவில்லை.

அந்த வரி நெருங்கியபோது மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலேயிருந்து ஏதோ விழப்போவதற்குக் காத்திருக்கிறவர்கள்போல. அத்தை கண்ணை மூடவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. குரல் வந்த வழியிலேயே மேலே போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, இறங்கியது. அவ்வளவுதான். மாமா பேஸ் கிடாரில் ஒரு இடத்தைத் தவறவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பாட்டு முடிந்தது. அத்தை மைக்கை அணைக்காமலே கேட்டாள்.

“கல்யாணம் என்னைக்குண்ணே?”

“பத்திரிகை குடுத்தேனே தங்கச்சி.”

“குடுத்தீங்க. நான் இன்னும் பிரிக்கல.”

அவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, தேதியையும் மண்டபத்தின் பெயரையும், வண்டி நிறுத்த எந்தப் பக்கமாக வரவேண்டும் என்பதையும் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.