உறைக்குள் இருந்த விடை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூதலூரில் எங்கள் தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய் என்று போன காலத்தில், என் மகள் படித்துவிட்டு அமெரிக்கா போனாள். உலகம் எந்தெந்தத் துகளால் ஆனது, அவை எப்படி நடந்துகொள்ளும் என்று அறிஞர்கள் ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறார்களாம். மியூவான் என்ற துகளைக் காந்த வளையத்துக்குள் சுற்றவிட்டு, அது பம்பரம்போல எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கைச் சோதிப்பது இவள் கூட்டத்தின் வேலை. அளக்கிற கடிகாரத்தின் சரியான வேகத்தை வெளியாள் ஒருவர் உறையில் போட்டு ஒட்டிவிடுவாராம். முன்பே தெரிந்தால் வேண்டிய விடைப் பக்கம் மனசு சாய்ந்துவிடும் என்று அப்படி. பல வருஷம் கழித்து உறையைப் பிரித்தபோது அளவு கணக்கோடு பொருந்தியது.

அவள் விடுப்பில் வரும்போது மாதா திருவிழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தார்கள். விழாக் குழுவில் இருக்கும் என் கொழுந்தனார் விசாரிக்க வந்தார்.

"அண்ணி, நம்ம புள்ள புதுசா என்ன கண்டுபிடிச்சுச்சு?"

"புதுசா ஒண்ணும் இல்லைங்க தம்பி. முன்னாடி சொன்னதுதான் சரின்னு வந்திருக்காம்."

"இருக்கறத இருக்குன்னு சொல்லவா ஏரோப்ளேன் ஏறிப் போச்சு?" என்று சிரித்தார்.

பொன்னாடை வேறொருவருக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்து கோயிலுக்கு மைக் செட் வாங்கி வந்தவர் அவர். என் மகள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் வருத்தப்படவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. பத்து வருஷ உழைப்பை ஒரு சிரிப்பில் தள்ளிவிட்டார்கள். அதற்கு வழி செய்தது என் வாய். மேடைக்கு முன்னால் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

அந்த வாரமே சம்பாவுக்கு நாற்று விடுகிற வேலை. கொழுந்தனார் வழக்கம்போல விதைநெல்லில் நூறு மணி எண்ணி, ஈரத்துணியில் கட்டி வைத்தார். வருஷா வருஷம் முளைக்கிற அதே ரகம்தான். முளைப்பு பார்க்காமல் ஒரு மணிகூடத் தெளிக்க மாட்டார். நான் போயிருந்த அன்று துணியைப் பிரித்துப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அத்தனையும் முளைச்சிருக்கு அண்ணி."

"அப்ப புதுசா ஒண்ணும் கிடைக்கலைங்களா தம்பி?"

அவர் துணியைத் திரும்ப மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, "புள்ள செஞ்ச வேலையப் பத்தி நீங்களே எழுதிக் குடுங்க அண்ணி. அடுத்த வருஷத் திருவிழா மலர்ல போட்டுடறோம்" என்றார்.

அதனால்தான் எழுதினேன். துகளைப் பற்றி நான் தப்பாக எழுதியிருந்தால், விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். பொன்னாடையைப் பற்றி எழுதியதில் கை வைக்க வேண்டாம்.