துக்கம் என்று எண்ணிய மூச்சுத்திணறல்

வலது மார்பில் ஏதோ கிழிந்ததுபோல் வலித்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சாரதா நெடுநாள் சிறுநீரக நோய்க்குப் பின் காலமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வேளையில் மூச்சு முட்டுவதை என்னையும் சேர்த்து எவரும் நோயாகக் கருதவில்லை.

நான் அழவில்லை என்பது வங்காளிகள் நிறைந்த எங்கள் கரியாஹாட் குடியிருப்பில் ஏற்கெனவே பேச்சாகியிருந்தது. அடக்கி வைத்த அழுகைதான் மார்பை அடைக்கிறது என்று எல்லோரும் முடிவு செய்தனர். எதிர்வீட்டு மித்ரா பௌதி (பௌதி என்றால் அண்ணி) தண்ணீரை நீட்டி, "காந்துன் தாதா, புக் ஹால்கா ஹோபே" என்றார். அழுங்கள் அண்ணா, மார்பு லேசாகும் என்று பொருள்.

"பௌதி சொல்றது சரிதான்பா," என்றாள் என் மகள் நித்யா. "அம்மாவுக்காக ஒரு தடவை அழுதுடுங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"வந்தா அழமாட்டேனா?" என்றேன். அந்தச் சிறு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

உள்ளே நடந்தது வேறு. எனக்குப் பல ஆண்டுகளாக எம்பிசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து பெருத்துவிடும் நோய்) உண்டு. அப்படிப் பெருத்த ஓர் அறை உடைந்து, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்று கசிந்தது. இது நியூமோதோராக்ஸ். கசியும் காற்று வெளியேற வழியின்றி ஒவ்வொரு மூச்சிலும் சேர்ந்துகொண்டே போனால், அந்த அழுத்தம் நுரையீரலைச் சுருக்கி, இதயத்தையும் ஒரு பக்கம் தள்ளி, அதற்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். அப்போது அது டென்ஷன் நியூமோதோராக்ஸ். விரைந்து கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும்.

நித்யாதான் முதலில் கண்டாள். "கழுத்து நரம்பு ஏன்பா இப்படிப் புடைச்சிருக்கு?" என்றவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பௌதி, லிஃப்ட்!" என்று வங்காளியில் ஏதோ கத்தினாள். உதடுகள் நீலம் பாரித்திருந்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

அருகிலிருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். தன் தாயார் இறந்ததையும் நான் அழாததையும் நித்யா மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வலப்பக்கம் மூச்சொலி இல்லை. விரலால் தட்டியபோது மத்தளம்போல் ஒலித்தது. மூச்சுக்குழல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது.

"எக்ஸ்ரே எடுக்கலாமா?" என்றார் செவிலியர்.

"எடுக்கலாம், ஆனா பார்க்க இவர் இருக்க மாட்டார். ஊசியக் கொண்டு வாங்க." மருத்துவர் வங்காளியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

விலா எலும்புகளின் இடையே தடித்த ஊசி இறங்கியது. சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. சற்று நேரத்தில், மங்கியிருந்த அறையின் விளிம்புகள் என் கண்ணுக்கு மீண்டும் தெளிந்தன. நித்யா விம்மி அழுதுகொண்டிருந்தாள். மருத்துவர் அவளைத் திரும்பிப் பாராமலே, "ஆக, உங்க வீட்ல அழறதுக்கு ஆள் இருக்கு. மேஷோவ விட்டுடுங்க," என்றார். மேஷோ என்பது சித்தப்பாவைப் போன்றவர்களுக்கான விளி.

பிறகு மார்பில் குழாய் பொருத்தி, அதன் முனையை நீருள்ள புட்டியோடு இணைத்தார்கள். காற்று வெளியேறும்; திரும்ப நுழையாது. குமிழிகள் நின்று, நுரையீரல் விரிந்தது எக்ஸ்ரேயில் உறுதியான பின் குழாயை எடுத்தார்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது. இந்த நோய் மீண்டும் வரவும் கூடும் என்றார்கள்.

துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். துக்கமும் மார்பை அழுத்தும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வலித்து, மூச்சுத்திணறல் நேரம் ஆக ஆக ஏறினால், ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீடு திரும்பியபோது மூச்சு தடையின்றி வந்தது. பௌதி சொன்னபடியே மார்பு லேசாகியிருந்தது. சாரதா இல்லாதது மட்டும் அப்படியே இருந்தது. அடைப்பு இருந்தவரை அவளுடைய இழப்பை உடலில் ஓரிடத்தில் வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அதற்கு இடமில்லை. மாலைகள் நீள்கின்றன. குழாய் இருந்த இடத்துத் தழும்பு நோவதால் வலப்பக்கம் படுக்க முடிவதில்லை. இடப்பக்கம் திரும்பினால் அவளுடைய தலையணை. அதைப் பார்த்தபடி மூச்சு விடுகிறேன்.