வெர்லன் டேக்கெட்டின் இருமுகக் கார்

1954 கோடையில் ஷாஃப்டர் என்ற பருத்தி ஊரின் கடைத்தெருவில் வடக்கு ஓரத்தில் நின்றவர்கள் வெர்லன் டேக்கெட்டின் காரில் சக்கரத்தை முழுக்க மூடும் பெரிய, வழவழப்பான வீல் கவர் இருப்பதாகச் சொன்னார்கள். தெற்கு ஓரத்தில் நின்றவர்கள், இல்லை, நடுவில் மட்டும் சின்ன வீல் கப், சுற்றிலும் சிவப்புச் சக்கரம் தெரிகிறது என்றார்கள். இரண்டும் உண்மை. வெர்லன் எப்போதும் கடைத்தெரு வழியே கிழக்கே போய், ரயில் பாதையை ஒட்டித் திரும்பிவிடுவான். அதனால் ஒரு ஓரம் பார்த்ததை மறு ஓரம் பார்க்கவில்லை.

அது பழைய ஃபோர்டு. மட்கார்டுகளைக் கழற்றி, கூரையை வெட்டித் தாழ்த்தி, இன்ஜினைப் பிரித்துக் கட்ட அவனுக்கு நான்கு குளிர்காலம் ஆயிற்று. சக்கரத்தை எதைக் கொண்டு மூடுவது என்பதில் மட்டும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஹார்லன் சைப்ஸின் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து பெரிய கேடிலாக் கவர் இரண்டு, சின்ன கப் இரண்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு வகையாக மாட்டிவிட்டான். பார்த்து முடிவெடுக்கலாம் என்பது எண்ணம்.

வெர்லன் அப்படித்தான். பருத்தி ஜின்னிங் மில்லில் அவன் கை வைத்த மெஷின் மறுபடி நிற்காது. ஆனால் காபிக் கடையில் ஆப்பிள் பை பலகாரமா, பீச் பையா என்று கேட்டால் பரிமாறுகிற பெண் அடுத்த மேசைக்குப் போய்த் திரும்பும்வரை யோசிப்பான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த வில்டா ஃபுட்ரெலுடன் ஆறு வருடமாகப் பழகினான். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஜூலையில் வில்டாவுக்குத் தொலைவிலுள்ள ஃப்ரெஸ்னோ நகரில் மேற்பார்வை வேலை கிடைத்தது.

"திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும்" என்றாள், காரிலிருந்து இறங்கியபடி. "ஞாயித்துக்கிழமை அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கு. நாலு சக்கரத்துலயும் ஒரே மாதிரி மாட்டிக்கிட்டு வா. இல்லன்னா வராத."

"எதை மாட்டட்டும்? நீயே சொல்லு."

"அதைத்தான் சொல்ல மாட்டேன். சக்கரத்துக்கே முடிவெடுக்கத் தெரியாதவன்கிட்ட நான் வேற என்னத்தக் கேக்குறது?"

சனிக்கிழமை சைப்ஸின் கிடங்கில் தகரச் சுவர் முழுக்கக் கவர்கள் தொங்கின. வெர்லனின் கூட்டாளி ட்ராய் பீப்பாய் மேல் உட்கார்ந்து கொக்கோகோலா குடித்துக்கொண்டிருந்தான்.

"மட்கார்டு இல்லாத வண்டிக்குப் பெரிய கவரு, சட்டை போடாம டை கட்டுற மாதிரிடா" என்றான் ட்ராய். "சின்னதை மாட்டு. சிவப்பு தெரியட்டும்."

வெர்லன் பெரிய கவரைத் தரையில் உருட்டிப் பார்த்தான். ஓடும்போது அந்தச் சக்கரம் சுற்றுகிறதா, நிற்கிறதா என்றே தெரியாது. அதுதான் அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ட்ராய் சொன்னதும் சரிதான். உருட்டினான், நிறுத்தினான், மறுபடி உருட்டினான்.

"எடுத்தா எடு, வச்சா வை" என்றார் சைப்ஸ். "என்னமோ பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கிறியே."

"அதனாலதான் நிக்கிறேன் சார்."

சைப்ஸ் சிரிக்கவில்லை. "சின்னது ரெண்டையும் குடுத்துட்டு இதுக்கு ஜோடி ரெண்டை எடுத்துக்க. இல்ல, பெருசைக் குடுத்துட்டுச் சின்னதை எடுத்துக்க. நான் சாப்பிடப் போகணும்."

வெர்லன் சின்ன கப்புகளைக் கழற்றி நீட்டினான். அவை சைப்ஸின் கையில் நிற்கக்கூட இல்லை; ட்ராய் தன் வண்டிக்கு வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெர்லன் இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பினான். நான்கு சக்கரமும் ஒன்றுபோல் மின்னின. கால்வாய் வளைவில் வழக்கமான வேகத்தில் திரும்பியபோது வலது முன்சக்கரத்தில் டக்கென்று ஒரு சத்தம். புதிதாக மாட்டிய கவரின் பிடிகள் தளர்ந்திருந்தன போலும். அது கழன்று, உருட்டிவிட்ட தட்டாகப் பாதையோரம் ஓடி, கரையில் ஒரு துள்ளு துள்ளி, தண்ணீருக்குள் போயிற்று.

காரை நிறுத்திக் கரையில் நின்றான். பருத்திக்குப் பாயும் தண்ணீர், காபி நிறம். அடி தெரியவில்லை. இறங்கித் துழாவினால் கிடைக்கலாம்; ஆனால் சட்டையும் போகும், மத்தியானமும் போகும். சைப்ஸின் கிடங்கு ஞாயிறு பூட்டியிருக்கும். ட்ராய் வீட்டுக்குத் திரும்பிப் போனால் கேலி செய்துவிட்டுச் சின்ன கப்புகளைத் தந்துவிடுவான். தன்னிடமுள்ள பழைய ஜோடியையும் சேர்த்துத் தருவான். நான்கும் சின்னதாகவே ஆகிவிடும். யோசித்துப் பார்த்தால் அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

வெர்லன் ஒரு ஷூவைக் கழற்றினான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு அதை மறுபடி மாட்டிக்கொண்டு, காரை நேரே ஃபுட்ரெல் வீட்டுக்கு விட்டான்.

கொசுவலைக் கதவுக்குப் பின்னாலிருந்து வில்டாவின் அம்மா எட்டிப் பார்த்தாள். "வந்துட்டான்டி. எதுக்கும் சக்கரத்தை எண்ணிக்க."

வில்டா படியிறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். வெறும் சக்கரத்தின் முன் நின்றாள். போல்ட்டுகளைச் சுற்றிச் சேறு தெறித்திருந்தது.

"இதுல கவரு எங்க?"

"கால்வாயில விழுந்துடுச்சு."

"தேடலையா?"

"இல்ல. தேடினா நேரமாயிடும்."

"அந்த சின்ன கப்பு?"

"ட்ராய்கிட்ட. அது போனது போனதுதான். எனக்குப் பெருசுதான் பிடிச்சிருக்கு."

வில்டா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளுடைய பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் தெரியவில்லை, சொல்லிவிட்டு நின்றான்.

"எனக்குச் சின்னதுதான் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.

"இருக்கட்டும்" என்றான் வெர்லன்.

உள்ளே பொரித்த கோழியும், வெண்டைக்காயும், சோளரொட்டியும் இருந்தன. அம்மா பரிமாறிவிட்டு உப்பு எடுக்கப் போனாள். வில்டா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எப்ப வச்சுக்கலாம்?"

"அக்டோபர்."

"அக்டோபர்ல பருத்தி வந்துடும். மில்லுல உனக்கு ஒரு நாள்கூட லீவு தர மாட்டாங்க."

"அப்ப செப்டம்பர்."

"யோசிச்சுச் சொல்லு. நாளைக்குக் காலையில நான் ஃப்ரெஸ்னோவுக்கு போன் பண்ணணும்."

வெர்லன் ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, மென்று விழுங்கினான்.

"செப்டம்பர்" என்றான்.