துப்புவதற்குச் சம்பளம்

என் அண்ணன் துப்பிச் சம்பாதித்தவன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பூசி மெழுகுவதுதான். குளிர்பானக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை என்று கல்யாணப் பேச்சில் சொன்னபோது, அண்ணியின் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்போ நாள் முழுக்கக் குடிச்சிட்டே இருப்பீங்களா?" என்று கேட்டார்.

"குடிக்க மாட்டேன் மாமா. துப்பிடுவேன்."

அதற்குப் பிறகும் பெண் கொடுத்தாரே, அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

வெள்ளை ஓடு பதித்த அறை. அண்ணனின் வலது கைப்பக்கம் ஒரு தொட்டி. அதில் குழாய் சதா ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டாங்கிலிருந்தும் காகித டம்ளரில் கொஞ்சம் வரும். வாயில் ஊற்றி, நாக்கில் புரட்டி, வலப்பக்கம் திரும்பித் துப்பி, வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, "சரி" என்பான். அல்லது "சர்க்கரை பத்தல" என்பான். நாக்கு கெட்டுவிடும் என்று காரம் கிடையாது, வெங்காயம் கிடையாது. அண்ணி ஆக்கிப் போடுவது உப்புச் சப்பில்லாமல் தட்டில் கிடக்கும். அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாலும் எறும்பு வரிசை கட்டி ஏறும். துவைத்த சட்டைக்கு! பார்க்கும்போதே எனக்குக் குமட்டும்.

ஊழியர்களுக்கு மாதம் ஒரு பெட்டி பானம் இலவசம். அதை அவன் தன் வீட்டு வாசற்படி ஏற்றியதே இல்லை. நேராக என் வீட்டுக்குத்தான் வரும். "உனக்குத்தான் பாப்பா" என்பான். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். கூடப்பிறந்த பாசம் என்று நானும் பூரித்துப்போவேன். சாப்பாட்டோடு ஒரு பாட்டில், வெயிலில் போய் வந்தால் ஒன்று. அப்புறம் சர்க்கரை நோய் வந்தது. காலில் ஒரு புண் வந்து ஆறமாட்டேன் என்றது. போன வருடம் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவன் அண்ணன்தான். நான் குடிப்பதை நிறுத்தினேன். பெட்டி நிற்கவில்லை. அவன் மருமகளுக்கு என்று வந்தது. என் மகள் குடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வரி போட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சர்க்கரை இருந்தால் பானத்துக்குக் கூடுதல் வரி. எல்லாம் மக்கள் உடம்புக்காக என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். கம்பெனி பாட்டிலில் சர்க்கரையைக் குறைத்தது. குறைத்ததைப் பொட்டலத்தில் அடைத்து பாட்டில் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது. பொட்டலத்தில் இருப்பது வெறும் சர்க்கரை, அதற்கு வரி கிடையாது. வாங்கியவர்கள் கிழித்துக் கொட்டி, குலுக்கிக் குடித்தார்கள். எங்கள் தெருச் சாக்கடை முழுக்கக் கிழிந்த பொட்டலம், அதன்மேல் ஈ. த்தூ!

வரி அதிகாரி கம்பெனிக்கு ஓடி வந்தார். மக்கள் குடிப்பதைப் பார்த்துப் பதறி அல்ல, வசூல் படுத்துவிட்டதே என்று பதறி. அவரும் மேனேஜரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்தார்கள். வரியில் கொஞ்சம் குறைப்பது, சர்க்கரையைப் பழையபடி பாட்டிலுக்குள்ளேயே போடுவது. கம்பெனிக்கு விற்பனை, அரசாங்கத்துக்கு வரி. இந்த மங்கள காரியத்தைப் படம் பிடிக்க ஆட்களைக் கூப்பிட்டு, கம்பளம் விரித்த அறையில் அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் அந்த மாதப் பெட்டியும் கையுமாக வந்து அவனே சொன்னான். பாட்டிலை நீட்டிய அதிகாரி, "பழைய ருசி அப்படியே இருக்குன்னு சொல்லிடுங்க. ஜனங்க நல்லா வாங்கணும். இந்த வரியை நம்பித்தான் எங்க வண்டியே ஓடுது" என்றாராம். அண்ணன் ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டியிருக்கிறான். தலை தானாக வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் அதிகாரியின் ஷூ இருந்திருக்கிறது. துப்பிவிட்டான். வேலையும் அதோடு போயிற்று.

வயிறு வலிக்கச் சிரித்தேன். "நல்லா பண்ணின அண்ணா!"

"வேணும்னு பண்ணல பாப்பா. பழக்கதோஷம்."

"முழுங்கித் தொலைச்சிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்குமே?"

"முழுங்கறதா? அதையா?" முகத்தைச் சுளித்தான். "இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு என் தொண்டையைத் தாண்டினதில்ல. உள்ள எவ்வளவு கொட்டுறாங்கன்னு கண்ணால பார்த்தவன் நான். மனுஷன் குடிப்பானா அதை?"

பெருமையாகத்தான் சொன்னான். என் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியைப் பிரித்த என் மகள் ஒரு பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அப்புறம் எங்களுக்கு ஏன் கொண்டுவந்து குடுத்த?"

அண்ணன் யோசித்தான். இதுவரை யோசித்தே பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சும்மா கிடைச்சுது பாப்பா" என்றான்.

மகள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி அவன் கையில் திணித்தேன். "குடி. முழுங்கு. நான் பார்க்கணும்."

ஒரு வாய் எடுத்தான். கன்னம் உப்பியபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்கள் மட்டும் தொட்டியைத் தேடி அறையைச் சுற்றி வந்து, கடைசியில் என் வலது காலில் நின்றன. அப்போதும் அவன் விழுங்கவில்லை.