கடுக்காய்க் காட்டுக்கு எத்தனை கத்தி

நெல்லிவாசல்நாட்டுச் சடையனுக்கு இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. சாமை விதைக்கக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது, ஒரு ஜோடி மாடு இருந்தது. மற்றபடி அவன் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கத்திகள்தான். புளி விற்க மலையிறங்கிக் கலசப்பாக்கம் சந்தைக்குப் போனால் மற்றவர்கள் துணியும் உப்பும் வாங்கித் திரும்புவார்கள். சடையன் கொல்லுப் பட்டறை வாசலிலேயே நின்றுவிடுவான். லாரி வில்லுப் பட்டையில் அடித்த கொடுவாளை எடுத்து நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்பான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகு நேராக இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு வாங்கிவிடுவான்.

மாசி மாதம் மலைக்காரர்கள் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் போய்த் தங்குவார்கள். பாறைச் சரிவின் அடியில் அடுப்பு மூட்டிக்கொண்டு, கிடைக்கிறவரை பொறுக்கிக் காயவைத்து, மூட்டை கட்டித் தூக்கி வருவார்கள். கம்பளி, சாமை அரிசி, மிளகாய், ஒரு சட்டி, ஆளுக்கொரு கத்தி, அவ்வளவுதான் எடுத்துப் போவது. எழுபத்து நாலாம் வருஷம் சடையன் தன்னிடமிருந்த ஒன்பது கத்திகளையும் கோணியில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கூட வந்த பங்காளிப் பையன் சின்னதம்பி அரிசியையும் சட்டியையும் சுமந்தான்.

"எதுக்குண்ணா இத்தினி?" என்று சின்னதம்பி கேட்டான்.

"காட்டுல எது எப்போ வேணும்னு யாருக்குத் தெரியும்?" என்றான் சடையன்.

பாதி வழியில், உண்ணிப் புதர் ஓரமாகத் திரும்பும் இடத்தில், குட்டியோடு ஒரு கரடி நின்றுகொண்டிருந்தது. சின்னதம்பி சட்டியோடு பின்பக்கம் ஓடிவிட்டான். தலைச்சுமையோடு சடையனால் ஓட முடியவில்லை. ஒன்பது கத்தி இருந்தும் ஒன்றுகூடக் கையில் இல்லை. எல்லாம் கோணிக்குள், கயிறு சுற்றி, முடிச்சு மேல் முடிச்சாக இருந்தன. கரடி பின்னங்காலில் எழுந்து நின்றதும் அவனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. தலைச்சுமையை அப்படியே அதன் பக்கமாகத் தள்ளிவிட்டான்.

கோணி பாறையில் விழுந்து உருண்டது. ஒவ்வொரு பாறையிலும் மோதி மோதி இரும்பு அலறிய அலறலில் கரடி மிரண்டு, குட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய் மறைந்தது. கோணி நிற்கவில்லை. சரிவில் இறங்கி, கீழே ஓடைத் தண்ணீர் விழும் மடுவில் போய் விழுந்தது. அந்த மடுவில் இறங்கினவர் யாரும் அடியைத் தொட்டதில்லை.

சடையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சின்னதம்பி திரும்பி வந்து மடுவை எட்டிப் பார்த்தான்.

"உசுரு தப்பிச்சுதே, அது போதும்ண்ணா."

"போதும்தான். உன் கத்தியக் குடு, விறகு வெட்டணும்."

"நீ எல்லாத்தையும் எடுத்தாறியேன்னு நான் எதுவும் எடுத்தாரல."

பொழுது சாய்வதற்குள் ஏதாவது வழி பண்ண வேண்டும். எதிர்ச் சரிவில் புகை தெரிந்தது. இருவரும் அங்கே போனார்கள். வேறு ஊரைச் சேர்ந்த வேடியப்பனும் அவர் மகள் நீலாவதியும் பாறையடியில் தங்கியிருந்தார்கள். வேடியப்பன் காய் உலர்த்திக்கொண்டிருந்தார். நீலாவதி களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா வேணும்?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு கத்தி குடுத்தீங்கன்னா காலைல தந்துடறேன்."

"காட்டுக்கு வர்றவங்க கத்தி இல்லாமயா வருவாங்க?"

"ஒம்போது எடுத்தாந்தாருங்க" என்றான் சின்னதம்பி. பிறகு நடந்ததை முழுவதும் சொன்னான். கரடி எழுந்து நின்றதையும் நடித்துக் காட்டினான். நீலாவதி சிரித்த சிரிப்பில் களி அடிப்பிடித்துவிட்டது. வேடியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் அவர் தோள் குலுங்கியது.

சிரித்து முடித்ததும் அவள் தன்னிடம் இருந்ததைக் காட்டினாள். முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவாள். இடுப்பில் உறையோடு ஒரு சின்னக் கத்தி. ஒரு துண்டு தீட்டுக்கல்.

"எங்க ரெண்டு பேருக்கும் இதான். கத்திய வெளிய குடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க இங்க வந்து தங்கிக்கோங்க, நம்ம நாலு பேருக்கும் சேத்து வெட்டுங்க."

அப்படியே ஆயிற்று. மறுநாள் சடையன் கொடுவாளை எடுத்துக் கடுக்காய் மரத்தடிப் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்தான். இரண்டு வெட்டிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இரும்பு நல்ல இரும்பு, பிடிதான் ஆடுகிறது. மத்தியானம் வெக்காலி மரக் கட்டை ஒன்றைச் செதுக்கி, கொடுவாளின் பிடிக்குள் போகும் வாலை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, கட்டைக்குள் இறக்கினான். புகை எழுந்து அடங்கியதும் நீலாவதியிடம் நீட்டினான். அவள் இரண்டு முறை வீசிப் பார்த்தாள்.

"நல்லாருக்குது" என்றாள். "இவ்ளோ தெரிஞ்சவங்க எதுக்கு ஒம்போத சொமந்தீங்க?"

சடையன் விளக்கத் தொடங்கினான். பெரியது மூங்கிலுக்கு. கனமானது விறகுக்கு. மூக்கு வளைந்தது முள்ளை இழுத்து வெட்ட. மெல்லிசானது பட்டை உரிக்க. ஐந்தாவதும் ஆறாவதும் ஏழாவதும், முன்னவை மழுங்கிவிட்டால் எடுத்துக்கொள்ள.

"மழுங்கினா தீட்டிக்கலாமே. கல்லு இன்னாத்துக்கு இருக்குது?"

"தீட்டலாம்தான்."

"சரி, எட்டாவது?"

"அது பாக்க நல்லாருந்திச்சி."

நீலாவதி மறுபடியும் சிரித்தாள். இந்த முறை அடுப்பில் எதுவும் இல்லை, நிதானமாகச் சிரித்தாள். தான் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்றும் சொன்னாள். கொடுவாளைக் கை நீட்டிப் பிடித்து, வெற்றிலை போட்டு முடிக்கிறவரை கை வலிக்காமல் இருந்தால்தான் வாங்குவாளாம். நாள் முழுவதும் வெட்டப் போகிறவள் அவள்தானே. சின்னதுக்கு உறை இல்லாவிட்டால் தொடவே மாட்டாளாம். ஏறி இறங்குகிற இடத்தில் திறந்த கத்தி தன்னையேதான் வெட்டும் என்றாள். சடையனுக்கு இதெல்லாம் தோன்றியதே இல்லை. அவன் இதுவரை கத்தியைப் பார்த்து வாங்கினான், கையைப் பார்த்து வாங்கியதில்லை.

கிளம்புகிற நாள் நெருங்கியபோது வேடியப்பன் ஒரு கிளையை உலுக்க மரம் ஏறினார். கிளை முறிந்து அவரோடு கீழே வந்தது. கெண்டைக்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. ஜீப் வருகிற பாதைக்கு இரண்டு மேடு ஏற வேண்டும்.

"நைனாவ எப்படித் தூக்கிப் போறது?" என்றாள் நீலாவதி.

"மூங்கில் இருக்குது, கம்பளி இருக்குது. நீ நார் உரி."

அவன் கொடுவாளோடு மூங்கில் புதருக்கு ஓடினான். நெட்டையாக இரண்டு கழி, குறுக்கே வைக்கக் குட்டையாக இரண்டு. கணுவெல்லாம் சீவி எடுத்துவந்தான். அதற்குள் அவள் ஆத்தி மரத்தில் சின்னக் கத்தியால் கீறிப் பட்டையை நீளநீளமாக உரித்து வைத்திருந்தாள். மிச்ச மூங்கிலைப் பிளந்து காலுக்கு இருபுறமும் அணைகொடுத்துக் கட்டினார்கள். கம்பளியைக் கழிகளில் வரிந்து தூளியாக்கி அவரைக் கிடத்தினார்கள். முன்னால் சடையன், பின்னால் சின்னதம்பி. நீலாவதி முன்னே போய்ப் பாதையை மறித்த முள்ளை வெட்டிக்கொண்டே ஏறினாள். அவளுக்குக் கை ஓய்ந்தபோது சடையன் தூளியை இறக்கிவிட்டு வெட்டினான். கத்தி கை மாறி மாறிப் போனது.

ஜீப்பில் ஏற்றியபோது வேடியப்பன் சடையனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கால் சேந்ததும் உங்க வூட்டுக்கு வர்றேன்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு நீலாவதியக் கேளு."

கால் சேர நாளாயிற்று. ஆனால் சேர்ந்தது. சாமை அறுப்பு முடிந்ததும் கல்யாணம் நடந்தது. பந்தலுக்கு மூங்கில் வெட்டியவனும் மாப்பிள்ளைதான். வேறு யார் வெட்டினாலும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்தே பட்டறைக்குப் போனார்கள். சடையன் இரும்பைச் சுண்டிக் கேட்பான், நீலாவதி கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பாள். இருவரும் சரி என்றால்தான் வாங்குவது. பட்டறைக்காரர் ரங்கசாமி முதலில் சலித்துக்கொண்டார். பிறகு அவர்கள் தள்ளிவிட்டதைத் தனியே எடுத்து வைத்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். கடைசியில் சந்தை நாளில் பிடி போட்டுக்கொடுக்க வரமுடியுமா என்று சடையனையே கேட்டார். பிடி வேலை அவனுக்குப் பயிருக்கு அடுத்த வேலையாயிற்று. நீலாவதி பக்கத்திலேயே கோணி விரித்துப் புளியும் கடுக்காயும் விற்றாள்.

எண்பத்திரண்டு வாக்கில் வேலூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் மலையில் தங்கிச் சுற்றிப் பார்க்க வரத் தொடங்கினார்கள். காட்டுக்குள் போகுமுன் கத்தி வாங்கச் சந்தைக்கு வருவார்கள். அவர்களில் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், பேனாக்கத்தி ஒன்றை எடுத்து வந்திருந்தாள். பல வேலைக்கு ஆகிற கத்தி, டப்பாவும் திறக்கும். சடையன் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, கொடுக்க மனமில்லாமல் கொடுத்தான்.

"இது போதுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"சமையலுக்கு இது தாராளம். விறகுக்கு ஒண்ணு வேணும்மா" என்றான் சடையன்.

நீலாவதி புளிக் கோணியிலிருந்து எழுந்து வந்தாள். "கைய நீட்டு பாப்பா" என்று சொல்லி, ஒரு கொடுவாளை அவள் கையில் வைத்தாள். பிறகு அவளோடு பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சாப்பிட்டாயா. அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கை தாழவில்லை.

"இதக் கட்டிக் குடுங்க" என்று நீலாவதி ரங்கசாமியிடம் சொன்னாள்.