தூசி என்று துடைத்த முகம்

ஜூஜுவாடியில் எங்கள் நிறுவனம் இயந்திர உதிரிபாகப் படங்களை ஸ்கேன் செய்து, கணினியில் சுத்தப்படுத்தி, அச்சுக்கு அனுப்பி வந்தது. அப்படங்களில் ஒரு கரும்புள்ளி மிஞ்சினால், பார்ப்பவர் அதைத் துளை என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே 'டஸ்ட் கிளீனிங்' பிரிவின் பொறுப்பாளனாக நான் வைத்திருந்த விதி ஒன்றே: சிதறிய புள்ளி எதுவும் இருக்கக்கூடாது.

இரண்டாயிரங்களின் நடுவில், பெரியவர்களுக்கான ஜப்பானியக் குத்துச்சண்டைச் சித்திரக்கதை ஒன்று வேலைக்கு வந்தது. ஜப்பானிய எழுத்தை நீக்கி ஆங்கிலம் பொருத்த வேண்டும். முதல் பக்கத்திலேயே ஒருவன் மற்றவனின் தாடையை உடைத்தான். காலையில் பாசுரம் சேவித்துவிட்டு வருபவன் நான், அருவருத்து மூடிவைத்தேன்.

அத்திப்பள்ளியிலிருந்து வரும் மஞ்சுளா இன்னும் நிரந்தரமாகாத ஆபரேட்டர். அவள் கேட்டாள்:

"சார், இவன் மூஞ்சில இருக்கறது தூசியா, ரத்தமா?"

"எதுவா இருந்தா என்னம்மா, எடுத்துடு."

மறுவாரம் மேலாளர் பெங்களூரிலிருந்து நேரே வந்து அச்சுப்படிகளை மேசையில் போட்டார்.

"எட்டு ரவுண்டு அடி வாங்குனவன் சார் இவன்! கல்யாண மாப்பிள்ளை மாதிரி பவுடர் பூசி வெச்சிருக்கீங்க. கஸ்டமர் வேலையையே திருப்பி எடுத்துக்கறேங்கறான். யாரு, மஞ்சுளாவா? நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடுங்க."

மஞ்சுளா தலை குனியவில்லை. என்னையே பார்த்தாள்.

மூலத்தையும் எங்கள் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வசனமே இல்லாத பக்கம். அடிபட்டவனின் களைப்பையும் அச்சத்தையும் ஓவியர் பேனாக் கீறலிலும் தெறித்த மையிலும்தான் சொல்லியிருந்தார். துடைத்த முகத்தில் கதை இல்லை. சிங்கமாய் வந்தவன் அசுரனின் மார்பைப் பிளந்ததை நாள்தோறும் பாசுரத்தில் குருதியோடுதான் பாடுகிறேன். அதைக் கழுவிவிட்டுப் பாடியதில்லை.

"அந்தப் பொண்ணு அப்பவே என்கிட்ட கேட்டா சார். படத்தைப் பார்க்காமலே எடுக்கச் சொன்னவன் நான்."

"இத்தனை வருஷ சர்வீஸ்ல, நீங்களா?"

"நானேதான். மெமோவை எனக்குக் குடுங்க."

மெமோ வந்தது. பொறுப்பாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மஞ்சுளா வேலையில் நீடித்தாள். சி.டி.யில் இருந்த, துடைப்பதற்கு முந்தைய ஸ்கேன்களை எடுத்து, இருவரும் முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். வாடிக்கையாளர் ஒரு வாரம் பொறுத்தார்.

பிழையைத் துடைப்பது நம் தொழில். நமக்குப் பிடிக்காததைத் துடைப்பது தொழிலன்று. இந்த வேறுபாட்டை நான் கற்றது அந்த வாரத்தில்தான், மஞ்சுளாவின் பக்கத்து இருக்கையில்.

"சார், சார், அதைத் தொடாதீங்க. வேர்வை அது."

கையை எடுத்துக்கொண்டேன்.