திரைக்குக் காட்டிய கற்பூரம்

அந்த அதிரடிப் படத்தின் முதல் காட்சி. திருவண்ணாமலை தியேட்டரில் எங்கள் நாயகன் திரையில் தோன்றியதும், தேங்காயில் கற்பூரம் ஏற்றி ஆரத்தி காட்டினேன். யாரோ இடித்ததில் தேங்காய் கை நழுவியது. நாங்கள் வாரியிறைத்திருந்த காகிதத் துண்டுகள் குப்பென்று பற்றிக்கொண்டன. விசில் சத்தத்தில் என் அலறல் எவருக்கும் கேட்கவில்லை.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா பாய்ந்து வந்து தீயை மிதித்தே அணைத்தார். கிரிவலம் முடித்து நேராக வந்திருப்பார் போல. நெற்றி நிறைய விபூதி, காலில் செருப்பில்லை.

"அக்கா, கால்..." என்றேன்.

"அது கெடக்கட்டும். குழந்தைங்கல்லாம் வந்திருக்குது, அறிவில்ல? போய் உக்காரு, மறைக்குது."

சற்று நேரத்தில் அவர் நொண்டியபடி வெளியே போனார். நான் எழுந்திருக்கவில்லை. திரையில் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

அது எதற்கான சண்டை என்பதுகூட இன்று எனக்கு நினைவில்லை.